பழைய லாரி இன்ஜின்: டீசல் கிளீனரா, 2டி ஆயிலா, சீட்டேன் பூஸ்டரா, இல்ல நாசிலையே கழட்டிடலாமா?

கரும்புகை, பிக்கப் கம்மி, ஐட்லிங்ல ஒரு ஆட்டம். பழைய லாரி வச்சிருக்கறவங்க இதுல ஒண்ணு வந்தாலே டேங்க்ல ஒரு பாட்டில ஊத்திப் பாப்போம்னுதான் முதல்ல நினைப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஊத்தறது தப்பே இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, டீசல் போற பாதைல இருக்கற அழுக்கைத்தான் டீசல்ல கலந்த சரக்கு தொட முடியும். காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுல, புகைல கொஞ்சத்தை திருப்பி இன்ஜினுக்கே விடற ஈஜிஆர் வால்வுல படிஞ்ச கரி மேல டீசல் படறதே இல்ல, அங்க வெறும் காத்தும் புகையும் ஆயில் ஆவியும்தான் போகுது. அதனால "இன்ஜின் ஃபுல்லா கிளீன் ஆகும்"னு லேபிள்ல போட்டிருந்தா நம்பாதீங்க.

முதல்ல டிடர்ஜென்ட் டைப் கிளீனர். டீசலுக்கு வர்றதுல பெரும்பாலும் பாலியைசோபியூட்டிலீன் சக்சினிமைடு வகை இருக்கும், பெட்ரோல் கிளீனர்ல பேர் வாங்குனது பாலியீதர் அமைன், ரெண்டையும் குழப்பிக்காம டீசல்னு போட்டதையே வாங்குங்க. டீசலை இன்ஜின் உள்ள பீச்சற நாசிலோட ஓட்டைல கரி லேசா படிஞ்சு ஸ்ப்ரே கெட ஆரம்பிச்ச நேரத்துல இது உண்மையாவே வேலை செய்யும், ஆனா ஒரே டேங்க்ல மேஜிக் எதிர்பாக்கக் கூடாது, நாலஞ்சு டேங்க் தொடர்ந்து பாக்கணும், அளவு பாட்டில்ல சொன்னதுதான், டபுளா ஊத்துனா டபுளா கிளீன் ஆகாது.

இதுல நான் பட்ட ஒரு அவஸ்தை இருக்கு. ரொம்ப வருஷமா டேங்க் கழுவாத வண்டி, கிளீனர் ஊத்தி கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், மேடு ஏறும்போது இழுவை போய் அப்படியே நின்னுடுச்சு, ஃபில்டரை கழட்டிப் பாத்தா உள்ள கறுப்பா, தார் மாதிரி கொழகொழன்னு ஒரு படலம். டேங்க்ல சும்மா ஒட்டிக் கிடந்த அழுக்கெல்லாம் கிளம்பி ஃபில்டர்ல வந்து உக்காந்துடுச்சு. நல்லவேளை ஸ்பேர் ஃபில்டர் இருந்துச்சு, மாத்தி, ஹேண்ட் பம்ப் அடிச்சு ஏர் எடுத்து கிளம்பினேன். பயோடீசல் கலந்த டீசலுக்கு மாறும்போதும் இதேதான் நடக்கும், அதுவும் பழைய கசடை கரைச்சு விடும். அதனால கிளீனர் ஊத்தறதுக்கு முன்னாடி டேங்க் அடில டிரெயின் பண்ணி பாருங்க, கையில ஸ்பேர் ஃபில்டர் வச்சுக்கங்க.

அடுத்தது 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்கற ஆயில், இதை டீசல்ல 200-க்கு 1னு கலக்கறாங்க. இது கிளீனரே இல்ல, வழுக்குத்தன்மைக்குத்தான். சல்ஃபரை எடுக்கற ப்ராசஸ்ல டீசலோட இயற்கையான வழுக்கும் போயிடுதுங்கறது நிஜம், ஆனா அதுக்குத்தான் ஸ்டாண்டர்டே இருக்கு: டீசல்ல முங்குன ஸ்டீல் குண்டை தேய்ச்சு தேய்மான வடுவை அளப்பாங்க, ஐரோப்பிய இஎன் 590 படி 460 மைக்ரானுக்கு மேல போகக் கூடாது, அமெரிக்க ஸ்டாண்டர்டுல 520. அந்த அளவுல வர்ற டீசலுக்கு 2டி ஆயில் தேவையே இல்ல. நாசிலுக்கு டீசல் அனுப்பற பம்ப் உங்களுது இன்ஜின் ஆயில்லயே நனையற இன்லைன் பம்பா இருந்தா கவலை இன்னும் கம்மி, டீசலையே நம்பி ஓடற ரோட்டரி பம்புக்கு வேணும்னா அதுக்குன்னே வர்ற லூப்ரிசிட்டி அடிட்டிவ் போடலாம். டிபிஎஃப் (புகைல வர்ற கரியைப் பிடிக்கற ஃபில்டர்) இருக்கற வண்டில 2டி பக்கமே போகாதீங்க, சாம்பல் சேந்து அடைச்சுக்கும்.

சீட்டேன் பூஸ்டர்ல இருக்கறது பெரும்பாலும் 2-ஈதைல்ஹெக்சைல் நைட்ரேட். டீசல் சீக்கிரம் பத்திக்கும், குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற வெள்ளைப்புகையும் கடகட சத்தமும் குறையும். கரிக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. மண்ணெண்ணெய் கலந்தா கிளீன் ஆகும்னு சொல்றதை விட்டுடுங்க, பம்ப்தான் தேயும்.

தண்ணி பிரச்சனைக்கு ஆல்கஹால் கலந்த பாட்டில் எனக்குப் பிடிக்கல, தண்ணியை கரைச்சு நாசில் வழியா அனுப்பறதை விட வாட்டர் செபரேட்டர் டிரெயினை திறந்து விடறது எவ்வளவோ மேல். ஃபில்டர்ல வழவழன்னு பாசி மாதிரி வந்தா அது கிருமி, அதுக்கு மட்டும் கிருமியைக் கொல்ற பயோசைடு.

இப்ப நாசிலை கழட்டறது. டெஸ்டர்ல மாட்டி லீவரை அழுத்துனா எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடும், நல்ல நாசில் கொர்ருன்னு சத்தம் போட்டு மூடுபனி மாதிரி அடிக்கும், கெட்டது ஒரு பக்கமா பீச்சும், இல்ல நுனில சொட்டு நிக்கும். பழைய மெக்கானிக்கல் நாசில் பலதும் 200 பார் சுத்தி திறக்கும், சரியான நம்பரை மேனுவல்ல பாருங்க, ஸ்ப்ரேக்கு நேரா கையை நீட்டவே கூடாது, தோலை துளைச்சு உள்ள போயிடும். சொட்டு நிக்கற நாசில் தேஞ்சு போயிருந்தா எந்த பாட்டிலும் அதை மீட்காது, மாத்தித்தான் ஆகணும்.

என்னைக் கேட்டா, வண்டி நல்லா ஓடுதுன்னா ஒவ்வொரு ஆயில் சர்வீஸ் சமயத்துலயும் ஒரு டேங்க் டிடர்ஜென்ட் போதும். புகை ஏற்கனவே வந்துடுச்சுன்னா ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், வால்வ் கேப் மூணையும் பாத்துட்டு நேரா நாசில் டெஸ்ட்டுக்கு போங்க, கிளீனரை அதுக்கப்பறம் வாங்கிக்கலாம்.