அஸ்பால்டீனா, நாப்தெனிக் அமிலமா? துளியைக் கசக்கிப் பாருங்கள்

கனமான கச்சா எண்ணெயில் தண்ணீர் பிரியாமல் நிற்பதற்குக் காரணம் அதிலேயே இருக்கும் சவர்க்காரக் குணமுள்ள பொருள்கள்தான். முக்கியமானவை இரண்டு, அஸ்பால்டீனும் நாப்தெனிக் அமிலமும். குணத்தில் நேரெதிர்.

அஸ்பால்டீன் ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரையாது, டொலுயின் என்ற கரைப்பானில் கரையும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் முகப்புக்கு மெதுவாக வந்து சேரும். சேர்ந்தால் எளிதில் விலகாது. டொலுயின்–நீர் முகப்பின் இழுவிசை சுமார் 36 மில்லிநியூட்டன்/மீட்டர். அஸ்பால்டீன் அதை மணிக்கணக்கில், கொஞ்சமாகவே குறைக்கும். பலம் இழுவிசையில் இல்லை, படலத்தில். நீருக்குள் ஊசிமுனையில் நிற்கும் எண்ணெய்த் துளியைச் சில மணி நேரம் விட்டு, மெல்ல உள்ளே இழுங்கள்: ஆறிப்போன தே தாரிக்கின் (பால் தேநீரின்) மேலாடைபோல் சுருக்கம் விழும்.

நாப்தெனிக் அமிலத் துளி சுருங்காது, வழவழப்பாகவே சிறுக்கும். அதன் ஆட்டம் பிஎச்சில். 5-க்குக் கீழே பெரும்பாலும் எண்ணெயிலேயே இருக்கும். காரத்தில் அயனியாகி இழுவிசையைச் சட்டென்று இறக்கும், சில எண்ணெய்களில் 1-க்கும் கீழே. நீரில் கால்சியம் இருந்தால் அதோடு சேர்ந்து நாப்தெனேட் கசடு வேறு. ஆகவே பினாங்கு ஆய்வுக்கூடத்தில் குழாய்நீர் வேண்டாம். அயனி நீக்கிய நீரே எடுங்கள். குளிர்சாதனம் நின்றால் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். நீர்த்தொட்டியில் வைத்து வெப்பத்தை ஒரே நிலையில் வையுங்கள்.

மருந்தும் வேறு. நாப்தெனிக் அமிலத்துக்கு அசெட்டிக் அமிலம் விட்டு பிஎச் 6 அளவுக்கு இறக்கலாம். மிஞ்சினால் குழாய் அரிக்கும். அஸ்பால்டீன் படலத்துக்கு அது போதாது: சூடும் பால்ம உடைப்பானும் (எண்ணெய்–நீர்க் கலவையைப் பிரிக்கும் மருந்து) வேண்டும், படலம் முதிர்வதற்கு முன்பே. தாமதித்தால் அளவைக் கூட்டியும் பலன் குறைவு.

இரண்டும் கலந்த எண்ணெயில் முதலில் சுருக்கச் சோதனையைச் செய்வதே மேல்.