முதியோருக்கு ஏற்ற தெருவா: கேட்டு அறிவதா, கூட நடந்து அறிவதா?

எங்கள் பகுதி வயதானவர்கள் நடமாட ஏற்றதுதானா என்று அளந்து பார்க்க, போன ஆண்டு குடியிருப்போர் நலச்சங்கத்தில் முடிவு செய்தோம். எப்படி அளப்பது என்பதில் இரண்டு கட்சி. வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். டேப்பும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு பெரியவர்களோடு கூடவே நடக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் செய்தோம். இனி என் ஓட்டு நடைக்குத்தான்.

கேள்வித்தாளுக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களிடம் பேசி, 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி எட்டுத் துறைகளைச் சொல்கிறது. பொதுவெளி, போக்குவரத்து, வீடு, மருத்துவ உதவி தொடங்கி மரியாதை வரை அதில் அடக்கம். ஜெராக்ஸ் செலவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டோம்.

சிக்கல் பதில்களில் இருந்தது. "பஸ் வசதி எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, பின் தெருவில் தனியாக இருக்கும் அம்மா ஒருவர் முழு மதிப்பெண் கொடுத்தார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, குறை சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த வாரம் அவரோடு நிறுத்தம் வரை நடந்தேன். பேருந்தின் முதல் படி கிட்டத்தட்ட அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது. "இதுல ஏறி ரெண்டு வருஷமாச்சு தம்பி" என்றார். பொய் சொன்னவர் அல்ல. ஏறுவதையே விட்டுவிட்டதால் அது குறையாக அவருக்குத் தோன்றவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதற்காக மருத்துவத்துக்கும் முழு மதிப்பெண். அவர் வாசல் தாண்டுவதே அரிது என்பது கேள்வித்தாளின் எந்தக் கட்டத்திலும் பதிவாகவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். இப்படிப்பட்ட அளவை ஆண்டுதோறும் எடுத்து ஒப்பிட்டால்தான் பயன். பெரியவர்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கப் பழகினால், தெருவில் ஒரு கல்லைக்கூட மாற்றாமலே அடுத்த ஆண்டு கேள்வித்தாளின் மதிப்பெண் ஏறலாம். அதைக் காட்டி, நிலைமை தேறிவிட்டது என்று வார்டு கூட்டத்தில் யாராவது சொன்னால் மறுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. டேப் அப்படி இல்லை. நடைபாதை விளிம்பின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. மருந்துக்கடை முன்னால் நாங்கள் அளந்தது 26. அடுத்த ஆண்டு யார் அளந்தாலும், சரிசெய்யாத வரை, அதே 26-தான். சாலையைக் கடப்பதும் அப்படித்தான். வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துச் சிக்னல் நேரம் கணக்கிடுவது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் 10 மீட்டருக்கு எட்டு வினாடி சொச்சம்தான். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அதைக் கடக்க 14 வினாடி ஆனது. பாதிச் சாலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இதை எந்தத் தாளில் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

உட்கார இடம், பொதுக் கழிப்பறை, தெருவிளக்கு ஆகியவற்றை நடந்தால் தானாகவே கவனிப்பீர்கள்.

ஆனால் எங்களோடு நடந்தவர்கள் 11 பேர்தான். எல்லாரும் நடக்க முடிந்தவர்கள். படுக்கையில் இருப்பவர்களும் மறதி நோய் உள்ளவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. தனிமையையும் வீட்டில் கிடைக்கும் மரியாதையையும் டேப் வைத்து அளக்க முடியாது, அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். அதையும் மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்காதபோது கேட்க வேண்டும். நாங்கள் நடந்தது மாசி மாதத்தில். மழைத் தண்ணீர் தேங்கும்போது இதே பாதை எப்படி இருக்கும் என்பதை ஐப்பசியில் மறுபடி நடந்துதான் எழுத வேண்டும். பின் தெரு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.