எண்ணூர் வெயிலில் தேக்கு டெக்: எண்ணெய் போட்ட பாதியும் போடாத பாதியும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர் வெயிலில் படகின் தேக்கு டெக்குக்கு, அதாவது மேல்தளத்துக்கு, எண்ணெய் வேண்டாம். நரைத்துப்போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.

நானும் மச்சானும் சேர்ந்து பழையதாக வாங்கிய சின்ன ஃபைபர் படகு எங்களுடையது. எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கட்டி வைத்திருக்கிறோம். மேல்தளத்தில் தேக்குப் பலகை பதித்து, இடுக்குகளில் கருப்பு ரப்பர் பசை அடைத்திருக்கும். பக்கத்தில் நிற்கிற மீன்பிடிப் படகுகளில் இந்த மாதிரித் தளம் கிடையாது. அதனால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டு ஆசாரி ஒருவர், "மீன் எண்ணெய் தடவு நைனா, மரம் அசையாது" என்றார். மரப்படகின் உடம்புக்கு அது சரிதான். வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் அந்த வாடையையும் பிசுக்கையும் யார் தாங்குவது?

மச்சானுக்குத் தளம் தேன் நிறத்தில் மின்ன வேண்டும், எனக்கு வேலை குறைய வேண்டும். ஆகவே இடப்பக்கம் எண்ணெய், வலப்பக்கம் சும்மா என்று பிரித்துக்கொண்டோம்.

கடையில் 'தேக்கு எண்ணெய்' என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றை டர்பன்டைன் வகைத் திரவத்தில் கரைத்திருப்பார்கள். பூசிய புதிதில் அழகுதான், மறுக்கவில்லை. கத்திரி வெயில் வந்ததும் பிசுபிசுத்தது. காற்றில் வருகிற கரித்தூசு முழுக்க அதில்தான் ஒட்டியது. ஐப்பசி மழைக்குக் கருப்புப் புள்ளிகள் கிளம்பின, ஏனென்றால் பூஞ்சைக்கு அந்த எண்ணெயே சாப்பாடு. அதைத் தேய்த்து எடுக்கும்போதெல்லாம் மரமும் கொஞ்சம் கூடவே போகும். உப்புத்தாள் போட்டால் கேட்கவே வேண்டாம். இப்போதைய படகுகளில் தேக்கின் கனமே ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். இன்னொன்று, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவிந்து கிடக்கிற துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சும்மா விட்ட வலப்பக்கம் மெல்ல வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. மர நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளே அதே பழுப்பு. தேக்கின் சொந்த எண்ணெய்ப்பசை உள்ளே பத்திரமாக இருக்கிறது. மத்தியானம் வெறுங்காலோடு நின்றால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நரைத்த பக்கம் தாங்கலாம், எண்ணெய் குடித்துக் கருத்த பக்கம் குதிக்க வைக்கும்.

கழுவுவதற்குக் கடல் தண்ணீர்தான். தங்கிவிடும் உப்பு ஈரத்தை இழுத்து வைப்பதால் பலகை அதிகம் காயாது, வெடிக்காது, பூஞ்சையும் குறைவு. ஆனால் முகத்துவாரத் தண்ணீரை மட்டும் தொடவே மாட்டேன். கடலுக்குள் போய்த் திரும்பும்போது வெளியிலேயே வாளியில் மொண்டுகொள்வேன். மென்மையான பிரஷால் மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். ரேகையோடு போனால் மெத்தென்ற பகுதி முதலில் கரைந்து, கெட்டியான கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பிரஷர் வாஷர் இதே நாசத்தை ஒரே நாளில் செய்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குள் ஆலை எண்ணெய்க் கழிவு வந்ததே, அதில் எங்கள் தளமும் தப்பவில்லை. முதலில் பிளாஸ்டிக் அட்டையால் வழித்தோம். சாக்பவுடர் தூவி ஊறவிட்டுக் கூட்டினோம். பிறகு பாத்திரம் கழுவும் திரவம். போகாத இடங்களில் அசிட்டோன் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தோம், ரப்பரில் படாமல். கயிறு கட்டும் கொண்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நிழல் ரொம்ப நாள் நின்றது. அதை வெயில்தான் வெளுத்தது.

மற்றபடி வரும் கறைக்கு மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் ஆக்சாலிக் ஆசிட் பொடியே போதும். கரைசலைப் பூசி, கொஞ்ச நேரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இரண்டு பாட்டிலாக வரும் கிளீனர்களில் முதல் பாட்டில் காரம். பளிச்சென்று ஆக்கும், நாரையும் தின்னும். மரத்தின் மேல் பூசி மூடும் சீலர் ஒன்றும் போட்டுப் பார்த்தோம். டப்பாவில் சொன்ன காலத்தில் பாதிகூட அது இங்கே நிற்கவில்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மேலே கட்டும் படுதா. நின்றிருக்கும் நேரமெல்லாம் நிழல் கிடைத்தால் மரத்தைவிட ரப்பருக்குத்தான் அதிக லாபம். வெயிலில் முதலில் சாவது அதுதான். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், ஓரம் விட்டிருந்தால் தெரியும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடியிலிருக்கும் பிளைவுட் அழுகும், அந்தச் செலவு பெரியது. வெட்டி எடுத்து அடைக்கத் தை, மாசி சரியான காலம். பசை இரு பக்கப் பலகையை மட்டும் பிடிக்க வேண்டும், அடித்தளத்தைப் பிடிக்கக் கூடாது. அதற்காகப் பள்ளத்தின் அடியில் ஒரு டேப் ஒட்டிவிட்டுத்தான் நிரப்புவோம். பிடித்துவிட்டால் மரம் விரிந்து சுருங்கும்போது கிழியும்.

இப்போது இரண்டு பக்கமும் நரைதான். மச்சான் கைப்பிடிக் கட்டைக்கு மட்டும் இன்னும் வார்னிஷ் அடிக்கிறான். வருடா வருடம் சுரண்டுவதும் அவன்தான் என்பதால் நான் தலையிடுவதில்லை.