பழைய பைபர் வள்ளமும் மண்ணெண்ணெய் எஞ்சினும்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் குறைந்த விலைக்குப் பழைய வள்ளம் என்றால் பெரும்பாலும் பதினெட்டடி சொச்சம் நீளமுள்ள பைபர் வள்ளமும், 15 அல்லது 25 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினும்தான். விற்பவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்வார். வாங்குபவர் அதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். வள்ளத்தின் உடம்பைத் திருத்துவது உழைப்பு. எஞ்சினைத் திருத்துவது காசு. கீறல், நிறம் மங்கியது, இருக்கைப் பலகை உடைந்தது எல்லாம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான். முடிவெடுக்க வேண்டிய இடங்கள் மூன்று: எஞ்சின் மாட்டும் பின்பலகை, கியர் பொக்ஸ், எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழி.

பின்பலகை வெளியே பைபர், உள்ளே பிளைவூட். எஞ்சின் போல்ட் போன ஓட்டைகள், தண்ணீர் வடிக்கும் மூடித்துளை ஆகியவற்றின் வழியாக ஈரம் உள்ளே போய் மரம் உளுத்துவிடும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் பொத்தென்று கேட்கும். பிறகு எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து, தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலின் அடிப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் அசைந்தால், அல்லது பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில் வெடிப்பு திறந்து மூடினால், மரம் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்: கபில நிற ஈரத்தூள் ஒட்டி வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டவற்றில் சில மிக மெல்லியவை. அப்படியொன்று கைக்கு வந்தால் அடித்தளத்தில் ஏறி நின்று பாருங்கள். காலுக்குக் கீழே அமுங்கினால் விட்டுவிடுங்கள்.

பலகை மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான். உள்பக்கத் தோலை வெட்டி எடுத்து, உளுத்த மரத்தை முழுவதும் சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈர மரத்தில் ரெசின் (பைபரை ஒட்டும் திரவப் பசை) ஒட்டவே ஒட்டாது. 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை ஒட்டி 36 மில்லிமீற்றர் ஆக்கி, விளிம்புகளுக்கெல்லாம் ரெசின் பூசிய பிறகே உள்ளே இறக்குங்கள். மேலே சதுர மீற்றருக்கு 450 கிராம் பாரமுள்ள பைபர் மேட் மூன்று நான்கு படை. ஒரு சதுர மீற்றர் மேட்டுக்கு ஒரு படைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் செல்லும். ரெசினை இறுகவைக்கும் ஹாட்னர் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை. நம் மத்தியான வெயிலில் 10க்கு மேல் போனால் வாளியிலேயே இறுகிவிடும். பழைய பைபரைச் சாணைபிடித்துச் சொரசொரப்பாக்காமல் மேலே ஒட்டினால் ஒரு பருவத்துக்குள் உரிந்து வரும். இறுகுவதை விரைவுபடுத்தும் கொபால்ட்டைத் தனியாக வாங்கிக் கலப்பவர்கள் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அதன் பின்பே ஹாட்னர் விட வேண்டும். கொபால்ட்டும் ஹாட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

இனி எஞ்சின். பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் மூடியைக் கழற்றிக் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் பற்றாத எஞ்சின் என்றே எடுத்துக்கொள்ளலாம். பிளக்குகளைக் கழற்றி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) பார்க்கும் மீற்றர் வைத்து நாலைந்து தடவை கயிறு இழுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கொம்பிரஷன் இயல்பிலேயே குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். ஆகவே பெற்றோல் எஞ்சினின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம்தான் கணக்கு. பத்து வீதத்துக்கு மேல் இருந்தால் ரிங் அல்லது கேஸ்கட் வேலை காத்திருக்கிறது.

கியர் பொக்ஸில் கீழ் ஸ்குருவைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலோ சீல் போய்விட்டது. நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் தங்கூசிதான் (நைலோன் நூல்) காரணம். அறுந்த வலைத்துண்டு புரொப்பலருக்குப் பின்னால் சுற்றி, சூட்டில் உருகி, சீலை அரித்துவிடும். சீல் மலிவு. அதைக் கவனிக்காமல் ஓடிய எஞ்சினின் பேரிங்கும் பல்லும் மலிவல்ல. கடலில் இறக்கி, பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. முன்கியர் டக்கென்று கழன்று விழுந்தால் உள்ளே கிளச் நாய்ப்பல் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் கத்துகிறது, வள்ளம் ஓடவில்லை என்றால் புரொப்பலரின் நடு ரப்பர் வழுக்குகிறது. அது சின்ன விஷயம், விலையைக் குறைக்கப் பயன்படும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக: ஓ.எஃப்.ஆர்.பி. (வெளி எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கி மாவட்டக் குறியீட்டில் முடியும் பதிவிலக்கம் வள்ளத்தில் இருக்க வேண்டும், எஞ்சின் இலக்கத் தகடு பத்திரத்தோடு பொருந்த வேண்டும். தகடு பிடுங்கப்பட்ட எஞ்சினைத் தொடாதீர்கள். பெயர் மாற்றும் வேலையைக் கடற்றொழில் பரிசோதகரிடம் விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது நல்ல தண்ணீர். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் பாதி வெட்டிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளைகள் மூழ்கும்படி காலை இறக்கி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். தீவுப் பகுதிகளில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். உவர்க்கிணற்றுத் தண்ணீரானாலும் கடல்நீரை விட எவ்வளவோ மேல். இதைச் செய்யாவிட்டால் சிலிண்டர்த் தலையைச் சுற்றியுள்ள வழிகளில் உப்பு கல்லாக இறுகும். அதன் பின் எத்தனை இம்பெல்லர் (தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர்ச் சக்கரம்) மாற்றினாலும் எஞ்சின் சூடாகிக்கொண்டேயிருக்கும்.

கடல்நீரேரியில் ஓடுபவர்களுக்கு இம்பெல்லர் இன்னும் சீக்கிரம் போகும். ஆழம் குறைவு, மணலும் சாதாழையும் உள்ளே ஏறும். வருடத்துக்கு ஒன்று என்பது ஆழ்கடல் கணக்கு, இங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. புது இம்பெல்லர் போட்டும் தண்ணீர் பலமாகப் பீச்சாவிட்டால், அது சுழலும் இரும்புக் கிண்ணத்திலும் அடித்தட்டிலும் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரைன் கிரீஸ் பூசுங்கள். பூசாத துருப்பிடிக்காத போல்ட் அலுமினியத்துக்குள் இறுகி, அடுத்த தடவை தலை அறுந்துதான் வரும்.

கியர் எண்ணெய் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எஸ்.ஏ.இ. 90 மரைன் வகை. கீழ்த்துளை வழியாக அமுக்கி ஏற்றி, மேல்துளையில் குமிழில்லாமல் வழிந்த பிறகு முதலில் மேல் ஸ்குரு, பிறகு கீழ் ஸ்குரு. வாஷர் இரண்டும் புதிது. அதே நாளில் புரொப்பலரைக் கழற்றித் தங்கூசி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரையும் நாக (ஸிங்க்) அனோட் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடித்து ‘அழகாக்கிய’ எஞ்சின்கள் நிறைய உண்டு. அங்கே நாகத்துக்குப் பதிலாக எஞ்சினின் கால் கரையும்.

எரிபொருளில் கலக்கும் எண்ணெயில்தான் அதிகம் பேர் மிச்சம் பிடிக்கப் போய் இழக்கிறார்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று: 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். புதிதாக ரிங் போட்ட எஞ்சினுக்குப் பழகும் வரை இருமடங்கு. கலக்க வேண்டியது டி.சி.டபிள்யூ.3 (தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான தரக்குறி) என்று எழுதிய எண்ணெய். மோட்டார் சைக்கிள் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் காற்றில் குளிரும், சூடு கூடிய எஞ்சினுக்கானது. கடல்நீரில் குளிரும் எஞ்சினில் அது சாம்பலாகப் படிந்து ரிங்கை ஒட்டவைக்கும்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதைப் பார்த்த பிறகு, தேய்ந்த எஞ்சினை ‘ஓடும் வரை ஓடட்டும்’ என்று விடுவது கட்டுப்படியாகாது. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விடுவது அதை விட மோசம். கொம்பிரஷன் கூடிய எஞ்சினில் அது காலத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனின் தலையைத் துளைத்துவிடும். மண்ணெண்ணெய் எஞ்சினையும் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு திரும்பவும் பெற்றோல். இல்லையென்றால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே கை சோர்ந்துவிடும். வலை இழுக்கும்போது மண்ணெண்ணெயில் நீண்ட நேரம் மெதுவாக ஓடவிடுபவர்கள் மாற்றுப் பிளக் இரண்டை வள்ளத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

எஞ்சின் கடலில் விழுந்து எடுத்தால், அன்றைக்கே வேலை முடிய வேண்டும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து மெதுவாகக் கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கயிறு கரகரத்தால் மணல் போயிருக்கிறது, இழுப்பதை நிறுத்துங்கள். காபரேற்றரைத் திறந்து கழுவி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, புது எரிபொருளில் ஓடவைத்து அரை மணித்தியாலமாவது சூடேற்ற வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் காயவிடாதீர்கள். காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்தே கிராங்க் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கும். பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அவர் வரும் வரை எஞ்சினை அதற்குள்ளேயே முழுதாக மூழ்கடித்து வையுங்கள்.