சைக்இன்ஃபோ, பப்மெட், கூகுள் ஸ்காலர்: ஏழு வருடம் புழங்கிய பிறகு

தேர்வு பயம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டத்தான், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் இந்தத் தளங்களுக்குள் முதலில் நுழைந்தேன். ஏழு வருடம் ஓடிவிட்டது. இன்றும் வாரத்தில் நான்கு நாளாவது இவற்றில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்திருப்பேன்.

உளவியலுக்கு என் முதல் இடம் சைக்இன்ஃபோதான். அமெரிக்க உளவியல் சங்கம் நடத்துவது. 1927இல் அச்சில் தொடங்கிய ஆய்வுச் சுருக்கத் தொகுப்பின் வழியில் வந்தது. ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இது கட்டுரைகளின் விவரங்களையும் சுருக்கங்களையும் மட்டும் தரும் தேடல் பட்டியல், முழுக் கட்டுரைகளின் கிடங்கு அல்ல. அந்தச் சங்கத்து இதழ்களின் முழுக் கட்டுரைகளுக்கு சைக்ஆர்ட்டிகிள்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் சைக்ஆர்ட்டிகிள்ஸில் மட்டும் தேடிவிட்டு, 'இவ்வளவுதான் ஆய்வே நடந்திருக்கிறது' என்று முடிவுகட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் 'எக்ஸாம் ஃபியர்' என்று அடித்தேன். வந்தது சொற்பம், அதிலும் பாதி சம்பந்தமில்லாதவை. உருப்படியாக இருந்த ஒரு கட்டுரையின் பதிவைத் திறந்து கீழே போனால், பொருள்சொற்கள் (கட்டுரை எதைப் பற்றியது என்று தளம் தானே ஒட்டும் நிலையான சொற்கள்) இருந்த வரியில் 'டெஸ்ட் ஆங்சைட்டி' என்று இருந்தது. அதை அழுத்தியதும், அதுவரை கண்ணில் படாத கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன. பலவற்றின் தலைப்பில் எக்ஸாமும் இல்லை, ஃபியரும் இல்லை. துறைக்குள் அந்த விஷயத்துக்கு என்ன பெயர் என்று தெரியாமல் எத்தனை மணி நேரம் தேடினாலும் வீண். சைக்இன்ஃபோவில் இதற்கென்றே ஒரு சொற்களஞ்சியம் உண்டு, 1974இலிருந்து வருகிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைவிட விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொல் எல்லாவற்றையும் காட்டும். தேடலைத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் அங்கே செலவழிக்கிறேன். அப்புறம்தான் தேடல் பெட்டிக்கு வருவேன்.

அங்கேயும் பொருள்சொல்லை மட்டும் நம்புவதில்லை. ஆய்வாளர்கள் தாங்களே எழுதும் சொற்களையும் 'ஆர்' (OR, இதுவோ அதுவோ இருந்தால் போதும் என்று சொல்லும் சொல்) போட்டுச் சேர்த்து, மொத்தத்தையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுவேன். மருத்துவ ஆய்வுகளுக்கான இலவசத் தளமான பப்மெட்டில் இது இன்னும் அவசியம். புத்தம்புதிதாக வந்த கட்டுரைகளில் பலவற்றுக்கு அங்கே பொருள்சொல் ஏறியிருக்காது.

வயது வடிகட்டி விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். சைக்இன்ஃபோவில் வளரிளம் பருவம் என்றால் 13 முதல் 17 வரை. பதினெட்டு ஆகிவிட்டால் பெரியவர்கள் கணக்கு. பப்மெட்டிலோ 13 முதல் 18. பள்ளி இறுதி மாணவர்களைத் தேடும்போது இந்த ஒரு வயதில்தான் பலர் விழுகிறார்கள். பல வாரம் அந்த வடிகட்டியைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். விடுபட்ட ஆய்வுகளைப் பிறகு மற்றக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களிலிருந்துதான் ஒவ்வொன்றாக மீட்டேன். இப்போதெல்லாம் வடிகட்டியைத் தொடுவதில்லை, வயதைச் சுருக்கத்தில் படித்துக்கொள்கிறேன்.

சைக்இன்ஃபோவில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆய்வில் எந்தக் கேள்விப் படிவத்தை, எந்த உளவியல் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கென்று பதிவில் தனி இடம் இருப்பது. ஓர் அளவுகோலை யார் யார் எந்த வயதினரிடம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழியை நான் கண்டதில்லை. குறை என்றால் சந்தாதான். நூலகம் கட்டாவிட்டால் கதவு மூடிவிடும். எனக்கு ஒரு முறை வேலையின் நடுவிலேயே மூடியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேடல் வரியையும் தேதியோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன்.

கூகுள் ஸ்காலரில் பொருள்சொல் கிடையாது, எத்தனை ஆயிரம் என்று எண்ணிக்கை காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்கவும் முடியாது. ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் விடாமல் திரட்டும் முறையான தொகுப்பாய்வுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. ஆனால் ஒரு கட்டுரையைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்புக்காகவே அடிக்கடி போகிறேன். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அங்கே தேடிப் பாருங்கள், மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த இணைப்புக்குள் போய் 'ரெப்ளிகேஷன்' (அதே ஆய்வை மறுபடி செய்து பார்ப்பது) என்று தேடினால், 2016இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்து, விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று சொன்ன கட்டுரை கிடைக்கும். முதல் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

முழுக் கட்டுரை பூட்டியிருந்தால் ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைப் பார்ப்பேன். அடுத்து, உளவியல் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளின் முன்வரைவுகளை இலவசமாகப் போட்டுவைக்கும் சைஆர்கைவ் தளம். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். பலர் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள், சிலர் நான் கேட்காத கேள்விப் படிவத்தையும் சேர்த்து.