புத்தகங்களுக்கு முழு மதிப்பெண், ‘உன் விருப்பம்’ பகுதிக்கு முட்டை

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கென்று வருடாந்திர வாசிப்புப் பெட்டி விற்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி ஒரு கல்வியாண்டு முழுக்க ஓட்டியாயிற்று. பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் புரட்டிப் பார்த்த மற்ற பெட்டிகளும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்தன, அதனால் வேறு எதையாவது வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவலாம்.

வீட்டு நிலவரம் இதுதான். மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாசிப்பில் புலி, ஆனால் துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடமாட்டாள். மகனுக்கு எட்டு. கதை என்றாலே நழுவிவிடுவான்; பாலம், கிரேன், சுரங்கப்பாதை என்றால் தரையில் குப்புறப் படுத்து சாப்பாட்டை மறந்து வாசிப்பான். நானே பட்டியல் போட்டால் எனக்குப் பிடித்ததையே பிள்ளைகள் தலையில் கட்டுவேன் என்பது என் கணவரின் பயம். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ‘கட்டாய வாசிப்பும் விருப்ப வாசிப்பும் சரிசமமாக’ என்று அட்டையில் போட்டிருந்த பெட்டி அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

உள்ளே இருப்பவை: பிள்ளையின் நிலைக்கேற்ற புத்தகத் தொகுப்பு, பெற்றோர் கையேடு, வாராந்திர அட்டவணை, ‘உன் விருப்பம்’ என்ற குறிப்பேடு, அதோடு சேர்ந்த செயலி, ஒரு கத்தை ஸ்டிக்கர். அச்சும் தாளும் நன்றாக இருக்கின்றன. மெல்லிய புத்தகங்களின் தையல் மட்டும் சீக்கிரம் விட்டுவிடுகிறது.

புத்தகத் தேர்வு அருமை. குறை சொல்லியே ஆகவேண்டும் என்று தேடினாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. வரலாறு என்றால் பாடநூல் நடையில் எழுதியது இல்லை, அந்த விஷயத்தில் ஊறிப்போன ஒருவர் எழுதியது. ஒரு கடிதத் தொகுப்பு, ஒரு வாழ்க்கை வரலாறு, கவிதைகள், ஒரு நாடகம். மகள் தானாக இவற்றில் ஒன்றையும் எடுத்திருக்க மாட்டாள். கட்டாய வாசிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இருப்பதே தெரியாத ஒன்றைப் பிள்ளை எப்படி விரும்பித் தேர்ந்தெடுக்கும்?

1988-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் நடத்தியது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு எளிதாகிறது, அவ்வளவுதான். என் மகன் பாலப் புத்தகத்தில் இழுவிசை, அமுக்கவிசை என்றெல்லாம் தடுமாறாமல் போவதும், எளிய கதையில் ‘இவன் ஏன் கோபப்படுகிறான்?’ என்று முழிப்பதும் இதனால்தான். சொந்த விருப்பம் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டும். மற்ற இடங்களைக் காட்ட யாராவது வேண்டும். அந்த வேலையைப் பெட்டியின் புத்தகங்கள் சரியாகச் செய்கின்றன.

பெரும்பாலான புத்தகங்களின் பின்னட்டையில் லெக்சைல் எண் ஒட்டியிருக்கிறார்கள்; வாசிக்க எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் அது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்கியங்களின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதையும் வைத்துப் போடும் கணக்கு அது. கதை எந்த வயதுக்கு ஏற்றது, உள்ளே சாவு வருகிறதா, போர் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. கவிதைக்கும் நாடகத்துக்கும் எண்ணே கிடையாது. எண் இல்லாத அந்த நாடகம்தான் எங்கள் வீட்டில் அதிகம் எடுபட்டது. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தோம். கணவருக்குக் கிடைத்தது இரண்டே வரி பேசும் காவலாளி. அதை அவர் இன்னமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர் கையேடு சுமார் ரகம். அத்தியாயத்துக்கு எட்டுப் பத்துக் கேள்விகள், பெரும்பாலும் ‘அவர் எந்தக் கிழமை புறப்பட்டார்?’ வகை. பழைய முறை ஒன்று இதைவிட நன்றாக வேலை செய்கிறது. சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வலியுறுத்தியது: ஒரு பகுதியை ஒரே தடவை வாசித்துவிட்டு, பிள்ளை சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு இதைச் செய்தால் போதும். எது புரிந்தது, எது பிடித்தது, எங்கே தூங்கிவிட்டாள் எல்லாம் வெளியே வந்துவிடும். அட்டவணையும் கொஞ்சம் அடைசல். பாதியாகக் குறைத்தாலும் ஒன்றும் குடிமுழுகாது.

சரி, இப்போது ‘உன் விருப்பம்’.

குறிப்பேட்டைத் திறந்தால் ஐந்து கட்டங்கள். தலைப்பு, பக்கங்கள், பிடித்த பாத்திரம், நான் கற்றுக்கொண்டது, பெற்றோர் கையொப்பம். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டிக்கர். செயலியில் பதிவு செய்தால் புள்ளி. செயலி தரும் பட்டியலுக்குள் இருந்துதான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்தப் பட்டியலில் படக்கதை கிடையாது, மகனின் கிரேன் புத்தகங்களும் கிடையாது.

மகள் மூன்றே வாரத்தில் இதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். பட்டியலில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகங்களாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ‘பிடித்த பாத்திரம்’ கட்டத்தில் வரிசையாக ‘நாய்’ என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு புத்தகத்தில் நாயே வரவில்லை. ‘நான் கற்றுக்கொண்டது’ கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ‘பொறுமை’. கேட்டால், “எழுதினால்தானே அம்மா ஸ்டிக்கர்?” என்றாள். அவளிடம் என்ன தப்பு?

இது புதிய விஷயமும் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவில் படம் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பின்னால் தாராளமாக விளையாட விட்டபோது, மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே இவர்கள் வரைந்தார்கள். எதிர்பார்க்காமல் பரிசு கிடைத்த பிள்ளைகளின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி. இத்தனைக்குப் பிறகும் ஸ்டிக்கர் கத்தையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் தந்தவை இரண்டு. செயலியில் ‘முடித்தேன்’ என்ற பொத்தான் மட்டும்தான் உண்டு. பிடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. முடிக்காத புத்தகம் சிவப்பு எழுத்தில் மேலேயே நின்றுகொண்டிருக்கும். இரண்டாவது, அதே புத்தகத்தைத் திரும்ப வாசித்தால் ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று தள்ளிவிடுகிறது. எட்டு வயதுப் பையன் ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறான் என்றால் அதுதானே விருப்பம்! தேர்ந்தெடுக்கப் பட்டியல், முடிக்கக் கட்டாயம், திரும்ப வாசிக்கத் தடை, கடைசியில் என் கையொப்பம். கட்டாய வாசிப்புக்கே இவ்வளவு கெடுபிடி கிடையாது.

குறிப்பேட்டை அலமாரி மேல் போட்டுவிட்டு, செயலியையும் நீக்கிவிட்டோம். இப்போது காலையில் பெட்டியின் புத்தகம், அரை மணி நேரம், நானும் கூடவே உட்காருவேன், திருப்பிச் சொல்லுதல் உண்டு. பிடிக்கவில்லை என்றாலும் முடிக்கவேண்டும். அது பாடம் என்று வெளிப்படையாகவே சொல்லியாயிற்று. ராத்திரி படுக்கையில் அவரவர் புத்தகம். நான் எட்டிப் பார்ப்பதில்லை, ‘என்ன கற்றாய்’ என்று கேட்பதில்லை. முதல் சில வாரம் மகள் ஒன்றுமே வாசிக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குத்தான் பெரிய சிரமமாக இருந்தது. அப்புறம் பழைய துப்பறியும் கதைகளுக்குத் திரும்பினாள். நடுவே ஒருநாள், காலைப் பாடத்தில் வந்த கடிதத் தொகுப்பைப் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

புத்தகத் தொகுப்பை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாக, உடனே பதில் வந்தது: தரமாட்டார்களாம். செயலிக்கும் சேர்த்துத்தான் விலை.

யாருக்கு ஆகும்? பட்டியல் போட நேரமோ தைரியமோ இல்லாத பெற்றோருக்குத் தாராளமாகச் சொல்வேன், புத்தகங்களுக்காகவே வாங்கலாம். ஏற்கெனவே நல்ல நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, அங்கே பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துத் தரத் தெரிந்த ஒருவரும் இருந்தால் இது தேவையில்லை. யாராவது பயன்படுத்திய பெட்டியைக் கைமாற்றினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் தாள் தொலைந்துபோன பெட்டியாக இருந்தால் இன்னும் உத்தமம்.