லோரியில் வந்த மீன்குஞ்சு: உப்பா, பெர்மாங்கனேட்டா, நேரே குளமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் தொட்டியோ சிறு குளமோ வைத்திருப்பவர்களிடம், குஞ்சு வந்து இறங்கும் நாளில் மூன்று பழக்கங்களைப் பார்க்கலாம். சிலர் நேரே குளத்தில் விடுவார்கள். சிலர் உப்புத் தொட்டியில் ஓய்வு கொடுப்பார்கள். சிலர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற ஊதா மருந்தைக் கலப்பார்கள்.

கடைசியை வந்த அன்றைக்கே செய்யாதீர்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது கிருமிக்கும் ஒட்டுண்ணிக்குமான அளவு. களைப்புக்கு அது மருந்தல்ல. வலையில் சளி உரிந்து வந்த மீனின் செவுளை அது மேலும் சுடும். சில நாள் கழித்துப் பஞ்சுபோல் வெள்ளை படர்ந்தால் அப்போது யோசிக்கலாம். ஊதா நிறம் சீக்கிரமே பழுப்பானால், தண்ணீரிலுள்ள அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று பொருள்.

என் ஓட்டு உப்புக்குத்தான். மிரண்ட மீனின் செவுள் வழியே உடலுப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே ஏறும். அதைச் சரிக்கட்டவே மீனின் தெம்பெல்லாம் போய்விடும். தொட்டியில் உப்பிருந்தால் அந்தப் பாடு குறைகிறது. தெலாப்பியாவுக்கு 1000 லிட்டருக்கு 3 கிலோ கல்லுப்பு, கேலி என்ற கெளுத்தி வகை மீனுக்கு 1 முதல் 2 கிலோ. வாளியில் கரைத்தே ஊற்றுங்கள். கட்டியாகப் போட்டால் அடியில் கரிப்பு தேங்கி, அங்கே படுத்திருக்கும் மீனைத் தாக்கும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் நஞ்சு செவுளில் நுழைவதையும் உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். மீன் இரண்டு மூன்று நாள் இந்தத் தொட்டியில் இருக்கட்டும், இரவு பகலாகக் காற்றுப் பம்பு ஓடவேண்டும். முதல் 24 மணி நேரம் தீவனம் வேண்டாம். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். முன்கூட்டியே அதை நீக்கிவிடுங்கள்.

எந்த வழியானாலும் பலர் கோட்டை விடுவது பையில்தான். நெடும்பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் புளித்திருக்கும். அதனால் மீன் கழிவிலுள்ள அம்மோனியா அதிகம் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், புளிப்பு குறைந்து பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது அந்த நஞ்சிலேயே ஊறப்போடுவதுதான். கட்டிய பையை 20 நிமிடம் நிழலில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன்செய்யுங்கள். பிறகு திறந்ததும் மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டு, பைத்தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

நேரே குளம்? பயணம் ஓரிரு மணி நேரம், மீன் கேலி என்றால் பரவாயில்லை. அது மேலே வந்து காற்றையும் குடிக்கும். தெலாப்பியாவுக்கு வேண்டாம். தொட்டியில் செத்தது உடனே தெரியும், எண்ணலாம். குளத்தில் அது அடியிலேயே கிடந்து அழுகும். இல்லாத மீனுக்கும் சேர்த்துத் தீவனம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.